ராணி அக்காவின் பின்னால் வந்த லாரி

இலஞ்சி,
சனிக்கிழமை, மத்தியானம்.

சகல சௌபாக்கியங்களும் உடையவளும், முப்பத்து நான்கு ஆண்டுகளாக என்னைப் பொறுத்துக்கொண்டவளும், தற்சமயம் தாம்பரத்தில் மகள் வீட்டில் வசிப்பவளுமாகிய சங்கரம்மாளுக்கு, ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஹவில்தார் கடற்கரை எழுதிக்கொள்வது. இங்கு நான், பசுமாடு, பின்கட்டுத் தென்னைகள் எல்லோரும் சுகம். அங்கு நீயும், மகள் வேல்விழியும், மாப்பிள்ளை பேச்சிராஜும், பேரக்குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க இலஞ்சிக் குமாரர் பார்த்துக்கொள்வாராக.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பார். "சாப்ட்டீகளா?" "சாப்ட்டேன். நீ?" "ஆச்சு. மழை உண்டா?" "சாரல் இருக்கு." அதோடு சரி. அதுவும் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கிறாய். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் என்ன பேசிவிட முடியும்? ஆகையால் கடிதம். இதைத் தனியாக இருக்கும்போது படி. சத்தம் போட்டுப் படிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாதம் என்று போனாய், பதினோரு மாதம் ஆகிவிட்டது. குற்றம் சொல்லவில்லை. பிள்ளைக்காரிக்குத் துணை வேண்டும், எனக்குச் சோறு பொங்கத் தெரியும். ஆனால் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீடியோவில் கூப்பிட்டபோது நீ காதில் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாய். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "இருங்க, பாலத்துல ஏறிக்கிட்டிருக்கேன். பதினெட்டுச் சக்கர வண்டி, பேச்சுக் குடுக்காதீக" என்று சொல்லி வைத்துவிட்டாய். லாரி கேமாம். உலகத்தில் உள்ள ரோடெல்லாம் அதில் இருக்கிறதாம். ஞாயிறுதோறும் நான்கு மணிக்குப் பிள்ளை தூங்கும் நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு வீட்டிலிருந்து சேர்ந்து வரிசையாக ஓட்டிப் போகிறீர்களாம். மறுநாள் அதைச் சொல்லும்போது, "நீங்களும் வாங்களேன்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். சொன்ன ஜோரில் நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. அன்றைக்குப் பூராவும் அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு தோப்பில் சுற்றிவந்தேன்.

நீ திரும்பி வர முடியாது. மாட்டை விட்டுவிட்டு நான் அங்கு வர முடியாது. ஆகவே நடுவில் எங்காவது ரோட்டில் சந்தித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளையிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவர், "மாமா, பழைய கம்ப்யூட்டர் தாங்காது, பார்ட்ஸ் வாங்கிப் புதுசா கூட்டணும்" என்று சொல்லிவிட்டுப் பந்தோபஸ்து வேலைக்குப் போய்விட்டார். போலீஸ்காரர், அவரைக் குறை சொல்லக் கூடாது. நான் தென்காசிக்குப் போனேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷமீம் பானு என்று ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறது. திருப்புளி பிடிக்கிற லாவகத்தைப் பார்த்தால் எங்கள் பட்டாளத்து மெக்கானிக் பிச்சை வாங்க வேண்டும். "சின்னதா, பெருசா, நடுத்தரமா அண்ணாச்சி?" என்று கேட்டது. "நடுத்தரம்தாம்மா. ஆனா பின்னால பெருசாக்குத மாதிரி இருக்கணும்" என்றேன். "எதுக்குப் பெருசாக்கணும்?" "அவ எங்கங்க போறாளோ அங்கங்க நானும் போகணும்லா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றது.

"அப்படின்னா மதர்போர்டுலயும் பவர் சப்ளையிலயும் கஞ்சத்தனம் பண்ணாதீக. அது ரெண்டும் நல்லதா இருந்தா மத்ததெல்லாம் பெறகு மாத்திக்கிடலாம். பிராசசர் இப்போ ஆறு கோர் போதும். நாலு வருஷம் கழிச்சு அதை மட்டும் கழத்திட்டு இதே போர்டுல பெருசு மாட்டலாம். ராம் மாட்ட நாலு இடம் இருக்கு. இப்போ ரெண்டுல போடுவோம், ரெண்டு சும்மா கெடக்கட்டும்" என்று விளக்கியது. எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் இடம் விட்டு வைத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் பிடித்துப்போயிற்று. நம் வயதில் இப்படி யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று. படம் காட்டுவது அதுதான், செலவில் பாதி அதற்குத்தான். எட்டு ஜிபியா, பதினாறு ஜிபியா? எட்டு இப்போதைக்குப் போதும், பதினாறு ரொம்ப நாள் வரும். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரே தடவை பார்த்துச் சரி என்றவன் நான். இந்தக் கார்டை நான்கு தடவை போய்ப் பார்த்தேன். ஐந்தாவது தடவை ஷமீம் பானு, "அண்ணாச்சி, அது ஒங்களையே பாத்துக்கிட்டிருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றது. பதினாறே எடுத்தேன். விளக்கு எரியாத பெட்டி கேட்டேன். அப்படிப்பட்டதற்குத்தான் தனியாக ஆர்டர் கொடுக்க வேண்டுமாம், இந்தக் காலத்தில் எல்லாம் விளக்கோடுதான் வருகிறதாம். இப்போது நம் முன்னறை தேர்த்திருவிழா மாதிரி சிவப்பும் நீலமுமாக மின்னுகிறது. தொழுவத்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு மாடு இரண்டு நாள் பால் சுரக்கவில்லை.

அடுத்தது நடந்ததை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. சாமான்களை வீட்டுக்குக் கொண்டு வருகிற வழியில் பெருமைக்கு ஆசைப்பட்டு, பலவேசத்திடம் காட்டலாம் என்று ஐந்தருவிக்கு வண்டியை விட்டேன். பலவேசம் அங்கே சீசனுக்கு நேந்திரம் சிப்ஸ் கடை போட்டிருக்கிறான், உனக்குத் தெரியும். "எங்கவே, காட்டும் பாப்போம்" என்றான். ராம் பாக்கெட்டைத்தான் முதலில் எடுத்தேன், சின்னதாக இருந்ததால். அதில் இரண்டு பட்டைகள், கடலைமிட்டாய் போல வரிசையாக இருக்கும். பலவேசம் கையை நீட்டுவதற்குள் மேலிருந்து இன்னொரு கை வந்தது. பெரிய குரங்கு. தகரக் கூரையில் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிய்த்து, ஒரு பட்டையை எடுத்துக் கடித்தும் பார்த்தது. குளிக்க வந்த கூட்டம் பூராவும் அண்ணாந்து நிற்கிறது. நான் கீழே நின்று, "ஏலே, அது திங்குதது இல்லலே, ராமுலே!" என்று கத்துகிறேன். பக்கத்தில் ஈரத்துணியோடு நின்ற கேரளத்து அம்மா பயபக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். பலவேசம் சிப்ஸை அள்ளி வீசினான். அது பாக்கெட்டை விட்டுவிட்டது. கடித்த பட்டையை மட்டும் நன்றாகத் திருப்பிப் பார்த்து, பிடிக்காமல், தண்ணீரில் எறிந்தது. அருவித் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. ஷமீம் பானுவிடம் திரும்பிப் போய் ஒற்றைப் பட்டையை மேசையில் வைத்தேன். "ஒண்ணுலயும் ஓடும் அண்ணாச்சி. கொஞ்சம் மெதுவா ஓடும். வெலை எறங்கட்டும், பெறகு சேத்துக்கலாம்" என்றது. நான் மெதுவாகப் போகிறவன்தான் என்றேன்.

அந்தப் பிள்ளையே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கூட்டிக் கொடுத்தது. படம் வந்தது. அந்தப் பிள்ளை போனபிறகு நான் மேசையை ஜன்னல் பக்கம் தள்ளி, ஒயரைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். படம் போயிற்று. விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. இரண்டு நாள் அதன் முன்னால் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு போன் செய்தேன். "மானிட்டர் ஒயரை எங்கன சொருகியிருக்கீக?" "ஓட்டையிலதாம்மா." "எந்த ஓட்டை? மேலயா, கீழயா?" "மேல." "அதுல ஒண்ணும் வராது. கீழ, கார்டுல இருக்க ஓட்டையில சொருகுங்க." சொருகினேன். வெளிச்சம் வந்தது சங்கரம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேமில் எனக்கு என்ன பேர் போட என்று ஷமீம் பானு கேட்டபோது ஜன்னல் வழியாகத் தெரிந்ததைச் சொல்லியிருந்தேன். தென்னந்தோப்பு. என் சொந்தப் பேரைப் போட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய், கொஞ்சம் பழகிக்கொண்டு பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பதினேழு வருஷம் பனியிலும் பாறையிலும் லாரி ஓட்டியவன், விசைப்பலகையில் நான்கு பொத்தானை வைத்துக்கொண்டு முதல் வாரமே மூன்று தடவை வாய்க்காலில் விழுந்தேன். ஒரு தடவை பெட்ரோல் பங்கிற்குள் பின்பக்கமாகப் போனேன். போன ஞாயிறு மாப்பிள்ளை சொன்னபடி உங்கள் வரிசையில் கடைசியில் சேர்ந்தேன்.

அங்கே உனக்கு இலஞ்சி ராணி என்று பேர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எல்லோரும் ராணி அக்கா, ராணி அக்கா என்கிறார்கள். நான் முப்பத்து நான்கு வருஷமாக "ஏட்டி" என்றே கூப்பிட்டிருக்கிறேன். நீ முன்னால் போனாய். வளைவு வந்தால் இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவன் தெரிகிறானா என்று பார்த்துப் போனாய். "புதுசா வந்திருக்க தம்பி, ரொம்ப ஒட்டாம வாங்க, முன்னால பனி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். தம்பி! நான் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று மைக்கை அணைத்துவைத்திருந்தேன். ஹாரனை மட்டும் ஒருமுறை அடித்தேன்.

வண்டிகளை ஓரம் கட்டி நின்றபோது உங்கள் வரிசையில் ஓட்டுகிற அந்தத் திருச்செங்கோட்டுப் பெண் வித்யாலட்சுமி, "ஏனுங் ராணி அக்கா, உங்களுக்கு ஓட்ட யாருங் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். நீ சொன்னாய்: "யாரும் சொல்லித் தரல. எங்க வீட்டுக்காரக மிலிட்டரி லாரி ஓட்டுனாக. லீவுல வந்து தூங்கும்போதும் அவுகளுக்குக் காலு பிரேக்கு மிதிக்கும். அதைப் பாத்துப் பாத்து எனக்கு ஆசை வந்துட்டு. ஒரு தடவ கேட்டேன். ஊரு சிரிக்கும்னுட்டாக. சரி, லடாக்காவது எப்படி இருக்கும், சொல்லுங்கன்னேன். குளிரும்னாக. அவ்வளவுதான். அந்தக் குளிரு என்னன்னு பாக்கத்தான் நான் பனி ரோடாத் தேடித் தேடிப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் இங்கே இந்தத் திருவிழா வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சங்கரம்மா, லடாக் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்லுகிறேன். காலையில் டீசல் உறைந்து போயிருக்கும். டேங்குக்குக் கீழே தீ மூட்டி இளக்குவோம். மலைக்கு நிறமே கிடையாது, வெயில் ஏற ஏறத்தான் ஒவ்வொரு நிறமாக வரும், கடைசியில் செம்பு மாதிரி ஆகும். இத்தனை பெரிய இடத்தில் ஒரு காக்கா சத்தம் இருக்காது. ஒரு வளைவில் திரும்பினால் திடீரென்று கீழே பச்சையாக ஆறு ஓடும். அந்த வளைவு வரும்போதெல்லாம் பக்கத்துச் சீட்டைப் பார்ப்பேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நினைப்பேன். பதினேழு வருஷமும் நினைத்தேன். ஊருக்கு வந்து நீ கேட்கும்போது, அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குளிரும் என்றேன். அன்றைக்கு உன்னை ஸ்டியரிங் பிடிக்க விட்டிருந்தால் ஊர் ரெண்டு நாள் சிரித்திருக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல எனக்கு அப்போது தைரியம் இல்லை.

ஆகவே இதனால் நான் தெரிவித்துக்கொள்வது: தென்னந்தோப்பு நான்தான். நீ அவசரப்பட்டு ஊருக்கு வர வேண்டாம். மனசுக்குப் போதும் என்கிறவரை அங்கேயே இரு. நானும் அங்கு வந்து இடைஞ்சல் செய்ய மாட்டேன். மாடு இருக்கிறது, தேங்காய் வெட்டு இருக்கிறது. ஞாயிறு நாலு மணிக்கு உன் பின்னால் வருவேன், ஒட்டாமல் வருவேன், முந்த மாட்டேன். எனக்கு அது போதும். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வேல்விழிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேரனின் உச்சந்தலையில் என் சார்பாக ஒரு முத்தம். உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும் நல்ல ரோடும் குமாரர் அருள்வாராக.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
மு. கடற்கரை

பின்குறிப்பு: ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி, தென்காசி ஸ்டேஷன் பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். நாலு மணிக்கு வரிசையில் போய் நின்றேன். எல்லா லாரியும் வந்துவிட்டது, உன் லாரி வரவில்லை. அரை மணி நேரம் பார்த்தோம். பிறகு வித்யாலட்சுமி, "தோப்பு அண்ணா, ராணி அக்காவுக்கு மூணு நாளா காய்ச்சலுங்களாம். ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்துறாங்களாம், இப்பத்தான் மெசேஜ் வந்துச்சுங்" என்றாள். மூன்று நாளாக நான் போன் போட்டபோதெல்லாம் வேல்விழி, "அம்மா குளிச்சிட்டிருக்காப்பா", "அம்மா தூங்குதாப்பா" என்று சொன்னாள், நான் நம்பினேன். என் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று திருச்செங்கோட்டுக்காரி சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். முதல்முறையாக மைக்கைப் போட்டு, "நான் அவ வீட்டுக்காரன்" என்றேன். வித்யாலட்சுமிதான், "அப்பறம் ஏனுங் இன்னும் இங்க நிக்கறீங்க? கெளம்புங்" என்றாள். வேல்விழிக்கு போன் போட்டேன். அழுதாள். உனக்கு ஜுரம் இறங்கிவிட்டது, என்னிடம் சொல்லக் கூடாது என்று நீதான் தடுத்தாய் என்றாள். மாட்டைப் பலவேசத்திடம் விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்தேனா என்று ஞாபகமில்லை, லாரி நடுரோட்டில்தான் நிற்கிறது. நீ வர வேண்டாம், நான் வர மாட்டேன், எனக்கு அது போதும் என்று மேலே எழுதியிருப்பதெல்லாம் பொய், அடித்துவிடு. தபாலில் போட நேரமில்லை, கடிதத்தைக் கையோடு கொண்டுவருகிறேன். பொதிகை எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. நின்றுகொண்டே வருகிறேன்.