வாத்து கேட்ட கேள்வி

“உங்கள் முதுகு வலிக்கிறதா?”

பதினான்கு வருடத் திருமண வாழ்க்கையில் அவளிடம் யாரும் கேட்காத இந்தக் கேள்வியை, மூன்று நாளைக்கு முன் ஒரு வாத்து கேட்டது.

மஞ்சள் வாத்து. கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்திலிருந்து தத்தித் தத்தி நடந்து வந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டது. கீழே ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். மெத்தை விளம்பரம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கேட்ட விதம் அப்படி. யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ‘ஆமாம்’ என்று அழுத்தினாள்.

“அடடா! எந்த இடத்தில்?” என்றது வாத்து, கரகரத்த குரலில்.

அந்த ‘அடடா’வில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ‘இடுப்புக்கு மேலே’ என்பதை அழுத்தினாள்.

அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்த வாத்து, அதற்குப் பிறகு எழுந்து போகவில்லை.

மிக்ஸி, மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம் இவற்றோடு பெட்டிக்குள் ஒரு விளக்கப் புத்தகம் வருமே, அதைத் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. யாரும் படிக்காத புத்தகம்தான். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று மூன்று மணிக்குள் துவைக்கும் இயந்திரத்தின் அறுபத்து நான்கு பக்கமும் வராவிட்டால் இனி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அச்சக மேனேஜர் காலையில் போன் செய்து சொல்லிவிட்டார். பக்கங்கள் தயார். ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பொத்தானின் மேல்தான் வாத்து உட்கார்ந்திருந்தது. அடைகாக்கிற மாதிரி, வசதியாக. அதன் மேல் எங்கே அழுத்தினாலும் மெத்தைக் கடை திறந்தது.

“என்னங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் ஏழு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடி ஏறி மூச்சு வாங்க வருகிறவர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தால், “அது வேற கம்பெனி லிஃப்ட்” என்று சொல்லிவிடுவார்.

“என்னது இது? முதுகு வலிக்குதான்னு கேக்குது?”

“எனக்கென்னங்க தெரியும்? தானா வந்துச்சு” என்றாள் அவள். சொல்லும்போது காது சுட்டது.

“முதுகு வலியாம் முதுகு வலி! வேலைவெட்டி இல்லாதவனுக்குத்தான் அதெல்லாம் வரும். தினம் பத்து மாடி கம்பியப் புடிச்சு ஏறி எறங்குறேன். என்னைக்காவது வலிக்குதுன்னு சொல்லியிருக்கேனா? தள்ளு. நீ போய் டீ போடு.”

வாத்து கத்தித் தொலைக்கக் கூடாது என்று முதலில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் போட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் டீயோடு வந்தபோது திரையில் இரண்டு வாத்து இருந்தது. ஒன்று பொத்தான் மேல், இன்னொன்று அதன் முதுகின் மேல்.

“எடுத்தேன். போயிடுச்சு. அப்புறம் மறுபடி வந்துடுச்சு” என்றார். டீயை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்துபோனார்.

அடுத்து கொழுந்தன். செருப்புக் கடையில் விற்பனையாளன். அன்று அவனுக்கு வார விடுமுறை. ஒருமுறை முதலாளியின் போனில் அழைப்பு மணியை மாற்றிக் கொடுத்ததிலிருந்து குடும்பத்தில் அவனுக்குக் கம்ப்யூட்டர் புலி என்று பெயர்.

“அண்ணனுக்கு இதெல்லாம் எங்க தெரியும், அண்ணி? இதுக்குன்னே மருந்து இருக்கு” என்று ‘வாத்து ஒழிப்பான்’ என்று ஒன்றை எங்கிருந்தோ இறக்கினான்.

அதிலிருந்து டை கட்டிய ஒரு கனவான் வெளியே வந்தார். உங்கள் கம்ப்யூட்டருக்கு முந்நூற்று நாற்பது வியாதி இருக்கிறது என்று அறிவித்துவிட்டு, வாத்துகளுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார்.

“இவரு யாருப்பா புதுசா?”

“இவரு நம்ம ஆளு, அண்ணி. நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது. செத்த அந்தப் பக்கம் போங்களேன். அதுசரி, முதுகு வலிக்குதான்னு கேக்குதே, யாருக்குதான் வலிக்குது இந்த வீட்டுல? சிரிப்பா இருக்கு.”

கால் மணி நேரம் கழித்து அவள் எட்டிப் பார்த்தாள். வாத்துகளுக்கு மூன்று குஞ்சு பிறந்திருந்தது. கனவான் அவற்றுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துட்டேன் அண்ணி, சத்தியமா. எப்படி வந்துச்சுன்னு தெரியல” என்று சொன்ன கொழுந்தன், மெதுவாக, நிமிர முடியாமல் நிமிர்ந்து, கூடத்துப் பக்கம் நழுவினான்.

மணி பன்னிரண்டரை. மெத்தைக் கடை மறுபடி திறந்ததும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா கதவைத் தட்டினாள்.

“நகரும்மா, நான் பாக்குறேன். மேலாக்க சுரண்டினா இப்படித்தான், திரும்பத் திரும்ப வரும். வேரோட எடுக்கணும்.”

கம்ப்யூட்டருக்குள் இருப்பவை எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

“இது யாரு?”

“தெரியலையே டாக்டர்.”

“தெரியலையா? அப்ப புடுங்கிடுவோம்.”

முதலில் பிரிண்டர் போனது. பிறகு நாள்காட்டி. பிறகு ஏதோ ஒன்றைப் பிடுங்கியதும் தமிழ் எழுத்துகள் மொத்தமாகப் போயின. துவைக்கும் இயந்திரத்தின் அறுபத்து நான்கு பக்கமும் சின்னச் சின்னக் கட்டங்களாக மாறி நின்றன. திரையில் பிழையில்லாத தமிழ் வாத்திடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“அய்யோ டாக்டர், எழுத்தெல்லாம்...”

“கொஞ்ச நேரம் மரத்த மாதிரி இருக்கும். பயப்படாதம்மா. நீ வெளிய இரு, கடைசி வேர் ஒண்ணு பாக்கி.”

டாக்டரம்மா வெளியே வந்தபோது வாத்துக் குடும்பத்துக்கு ஒரு குளமும் கிடைத்திருந்தது.

அவள் நாற்காலியில் விழுந்தாள். ஐந்து வருடமாகப் பார்க்கும் வேலை. முகம் தெரியாத ஆட்களுக்கு, ‘மூடியைத் திறக்கும் முன் இயந்திரம் நிற்கும்வரை காத்திருக்கவும்’ என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் வேலை. ஒரு ‘அடடா’வுக்கு ஆசைப்பட்டு அதைக் கோட்டைவிடப் போகிறாள்.

கடைசியில் அவள் போன் செய்து கூப்பிட்ட கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரம்மா இரண்டேகாலுக்கு வந்து சேர்ந்தாள். தோளுக்கு ஒன்றாக இரண்டு கனத்த பை. நான்கு மாடி ஏறி வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பைகளை இறக்கிவிட்டு மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தாள்.

“அது வேற கம்பெனி லிஃப்ட்” என்றார் அவர்.

ரிப்பேர்க்காரம்மா உட்கார்ந்தாள். டாக்டரம்மா உட்பட எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். குப்பைத்தொட்டிக்குள்ளிருந்து தமிழ் எழுத்துகளை மீட்டெடுத்தாள். கட்டங்கள் மறுபடி பக்கங்களாயின. பிறகு மௌஸால் வாத்தின் வாலைப் பிடித்து இழுத்து, குடும்பத்தோடு திரையின் மூலையில் கொண்டுபோய் விட்டாள். ‘அனுப்பு’ பளிச்சென்று தெரிந்தது.

“அவ்வளவுதானா?” என்றான் கம்ப்யூட்டர் புலி.

“இழுத்தா நகரும். யாரும் இழுத்துப் பாக்கலையா?”



அவள் முந்திக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். இரண்டு நாற்பத்தொன்று. ‘கிடைத்தது. அடுத்து, தேய்ப்புப் பெட்டி’ என்று அச்சகத்திலிருந்து பதில் வந்தது. 

“சரி, இப்ப இதை ஒழிச்சுடலாம். இதுவரைக்கும் எத்தனை தடவை எடுத்தீங்க?”

“ஆளுக்கு ஒரு தடவை” என்றார் மெக்கானிக்.

ரிப்பேர்க்காரம்மா எதையோ திறந்து படித்தாள். அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

“மூணு பேருமே சரியாத்தான் எடுத்திருக்கீங்க.”

“அப்புறம் ஏன் வருது?”

“போகும்போது கடைசியா ஒரு தடவை அதே கேள்வியக் கேக்கும். இல்லைன்னா போயிடும். ஆமாம்னா குடும்பத்தோட திரும்பி வந்துடும். யாரு எப்ப என்ன சொன்னாங்கன்னு எல்லாம் இங்க பதிஞ்சிருக்கு.”

அவள் கதவுப் பக்கம் ஓர் அடி பின்வாங்கினாள்.

“செவ்வாய்க்கிழமை, பதினொன்னேகால். ஆமாம். இடுப்புக்கு மேலே.”

“நீயா?” என்று வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார். “தானா வந்துச்சுன்னு சொன்ன?”

“இன்னைக்கு, பத்து இருபது. ஆமாம். இடுப்புக்குக் கீழே.”

வீட்டுக்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“பதினொன்னரை. ஆமாம். கழுத்துலேர்ந்து குதிகால் வரைக்கும்.”

கொழுந்தன் குனிந்து நகத்தை ஆராய்ந்தான்.

“பன்னெண்டு அம்பது. ஆமாம். கீழ ‘விளக்கமாக எழுதவும்’னு இருக்குற இடத்துல பதினெட்டு வரி எழுதியிருக்கு. ‘நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள குனிஞ்சு குனிஞ்சு...’”

“அது என் பேஷண்ட் ஒருத்தருக்காக எழுதினது” என்றாள் பல் டாக்டரம்மா.

ரிப்பேர்க்காரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“வெக்கமா இல்ல? நாலு பெரியவங்க! ஒரு வாத்து வந்து கேட்டா உடனே பதில் சொல்லிடுறதா? உங்க முதுகு மேல அதுக்கு என்ன அக்கறை? மெத்தை விக்குது, அவ்வளவுதான். வெளிய போங்க எல்லாரும். நானே ‘இல்லை’ன்னு அழுத்தி முடிச்சுட்டு வரேன்.”

பிடுங்கிக் கிடந்த ஸ்பீக்கர் வயரை எடுத்துச் செருகிவிட்டு, அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

நால்வரும் கூடத்தில் வரிசையாக நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“உனக்கு மேலயா?”

“ம். உங்களுக்குக் கீழயா?”

“ம்.”

பதினான்கு வருடத்தில் அவர்கள் இவ்வளவு மனம் விட்டுப் பேசியதில்லை.

அப்போது சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

“அடடா! எந்த இடத்தில்?”

கதவு திறந்தது. ரிப்பேர்க்காரம்மா தோளுக்கு ஒன்றாக இரண்டு பையையும் தூக்கி மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.