கோட்டுப் போட்டு வந்த யோசனைக்காரர்

கையில் காசு இல்லாதவர்கள் இருப்பதுபோல் காட்டிக்கொள்வது உலக வழக்கம். எங்கள் வீட்டில் நேர்மாறு. கண் பட்டுவிடும் என்ற பயத்தில், இருப்பதை இல்லாததாகக் காட்டிக்கொள்வோம். "வியாபாரம் எப்படிங்க?" என்று யார் கேட்டாலும் அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஏதோ கஞ்சிக்கு ஓடுதுங்க" என்பார். இது தெரிந்திருந்தும் நான் ஒரு காரியம் செய்தேன். அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தேன், அதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

திண்டிவனத்தில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). சண்டைக் காலத்தில் எண்ணெய் விலை ஏற ஏற வீட்டில் பணம் குவிந்தது. அப்பா அதைப் பானையில் போட்டார், சித்தப்பா மாடு வாங்கினார், அம்மா வளையல் வாங்கினாள். பட்டணத்தில் படித்த எனக்கு இது பொறுக்கவில்லை. இவ்வளவு வரும்படி உள்ள குடும்பத்துக்கு, பணத்தை எதில் போடலாம் என்று சொல்ல ஒரு யோசனைக்காரர் வேண்டும் என்று நச்சரிக்க ஆரம்பித்தேன்.

"சம்பாதிக்கத் தெரிஞ்சவனுக்கு வெச்சிக்கத் தெரியாதாடா?" என்றார் அப்பா.

"ஒரு தபா வரட்டும்பா. புடிக்கலன்னா அனுப்பிடலாம்."

கனகவல்லி அக்காவுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை பேசியிருந்த நேரம் அது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அவரைப் பார்த்த நாளிலிருந்து அக்கா குழம்பில் உப்புப் போட மறந்துகொண்டிருந்தாள். கல்யாணச் செலவுக்காவது யோசனை கேட்போம் என்று அப்பா இறங்கி வந்தார்.

விழுப்புரத்தில் சபாபதி என்று ஒருவர், வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் போய்ப் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கோட்டு, தலைப்பாகையோட வாங்க சார். எங்கப்பாவுக்கு மரியாதை தோணும்" என்று சொல்லிவைத்தேன்.

ஜட்காவிலிருந்து அவர் இறங்கியதும் அப்பாவுக்குத் தோன்றியது மரியாதை இல்லை, வருமான வரி. அவர் பேனாவைத் திறந்ததும் மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

"வருஷத்துக்கு வருமானம் எவ்வளவுங்க?"

"வருமானமா? அது எங்கங்க வருது?"

"வாசல்ல ரெண்டு வண்டி நிக்குதே?"

"பக்கத்து வூட்டு வண்டிங்க. நெழலுக்கு நிக்குது" என்றார் சித்தப்பா.

"உள்ள இவ்வளவு மூட்டை?"

"பாதி வெறுந்தோலுங்க."

"மீதி?"

"பூச்சி."

நான் இடையில் புகுந்தேன். "அப்பா, இவரு நம்ம ஆளுப்பா! நான்தான் இட்டுக்கினு வந்தேன்!" என்றேன்.

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "படிச்சிட்டு வேலை இல்லாம சுத்திக்கினு இருக்கான் சார். புத்தி கொஞ்சம் பிசகிப்போச்சு. மனசுல வெச்சிக்காதீங்க."

இதற்குள் அம்மா வளையல்களைக் கழற்றிக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்துவிட்டாள். விருந்தாளிக்காக வைத்த கறிக்குழம்பு பரண் ஏறியது. அவருக்கு வந்தது கூழும் பச்சை மிளகாயும். (எனக்கும்தான். குழம்பு வாசனை மட்டும் பரணிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.) சபாபதி கண்ணில் நீர் வரக் குடித்தார். மிளகாய்தான் காரணம் என்று நினைத்தேன். புறப்படும்போது, "எனக்கு ரயில் சார்ஜுகூட வேணாம் தம்பி. உடம்பப் பாத்துக்கோ" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சபாபதியும் அவரும் ஒரே தெருவாம்! கதவுக்குப் பின்னால் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது.

"எல்லாம் கேள்விப்பட்டேங்க" என்றார் அவர். "இவ்ளோ கஷ்டத்த வெச்சிக்கினு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே? சீரும் வேணாம், நகையும் வேணாம். பொண்ண மட்டும் குடுங்க. கல்யாணத்த மேல்மலையனூர் கோயில்ல முடிச்சிக்கலாம்."

அப்பா தலை குனிந்தார். பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தையைச் சொன்னார்: "எங்ககிட்ட நெறைய இருக்குதுங்க."

"மானஸ்தருங்க நீங்க. இல்லன்னு உங்க வாயால வருமா?"

"நெசமாத்தாங்க! இந்த மூட்டையெல்லாம் பாருங்க!"

"பாத்தேங்க. பாதி தோலு, பாதி பூச்சி. சபாபதி சொன்னாரு."

அம்மா உள்ளே ஓடி, கேழ்வரகு ஒட்டிய வளையல்களை அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். அவர் கைகூப்பினார். "இரவல் நகைய ஜல்தியா திருப்பிக் குடுத்துடுங்கம்மா. எங்களுக்காக நீங்க கடன்படக் கூடாது."

கல்யாணம் மேல்மலையனூரில் புளியோதரையோடு நடந்தது. அக்கா அன்று சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அன்று மாலையே, யோசனைக்காரர் வேண்டுமா என்ற கேள்விக்கு அப்பா தீர்ப்புச் சொன்னார்: "ஒரே வேளையில நம்மள ஓட்டாண்டி ஆக்க வூட்லயே நாலு பேரு இருக்கோம். வெளியாளு இன்னாத்துக்கு?"

அக்கா பிறகு வளையல்களைப் போட்டுக்கொண்டுதான் விழுப்புரத்தில் நடமாடினாள். அவள் புருஷனான மாமாவுக்கும் உண்மை எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு பை கேழ்வரகு மாவு இருக்கும். நாலு பேர் பார்க்க அதை என்னிடம் நீட்டி, காதோடு சொல்வார்: "வெச்சிக்கோ மச்சான். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."