இன்ஜின் விட்ட புகை

புகை பஞ்சோடு வந்துவிட்டது.

காப்பாளர் பஞ்சைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ரயில் அருங்காட்சியகத்தின் ஒரே பொக்கிஷம் அந்தப் பழைய நீராவி இன்ஜினின் புகைப்படம். திறப்பு விழாவுக்கு முன் தூசி தட்டச் சொன்னால், மனுஷன் ஈரப் பஞ்சால் துடைத்துத் தொலைத்திருந்தார். பாதிப் புகை போய், மீதி வானத்தில் அநாதையாக நின்றது.

அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாமியார் வீட்டு வாசம் மட்டும் எப்போதோ நிரந்தரமாகிவிட்டது.

"பென்சிலால இழுத்து விடுங்க சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

இழுத்தார். புகைபோக்கியில் ஒரு மரம் முளைத்தது.

"ஐயையோ, ரப்பர் போடுங்க!"

ரப்பர் போட்டதில் மரம் போய் மழை மேகம் வந்தது. மறுபடியும் ஈரப் பஞ்சு. இப்போது பொட்டுப் புகை இல்லை. நல்லவேளை, இன்ஜின் ஜன்னலில் மீசையோடு எட்டிப் பார்த்த டிரைவர் பக்கம் அவர் பஞ்சைக் கொண்டுபோகவில்லை. டிரைவர் அருங்காட்சியக இயக்குநரின் தாத்தா. அதை இயக்குநர் சொல்லாத நாளில்லை.

அன்றும் விருந்தினர் கூட்டத்தோடு சொல்லிக்கொண்டேதான் வந்தார். "இவர்தான் எங்க தாத்தா. மீசையைப் பாருங்க, அப்படியே எனக்கு... யோவ், புகை எங்கய்யா?"

காப்பாளர் பஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "துடைச்சேன் சார்... வந்துடுச்சு."

"நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க!"

"அவரை ஏங்க திட்டுறீங்க?" என்று கைத்தடியோடு ஒரு முதியவர் முன்னால் வந்தார். "இந்தப் படத்தை எடுத்தவன் நான். அன்னிக்கு இன்ஜின்ல நெருப்பே மூட்டலை. ஓடுற மாதிரி தெரியணும்னு மேலதிகாரி பிரஷ்ஷால புகை வரையச் சொன்னார். இத்தனை வருஷமா மனசு உறுத்திட்டே இருந்துச்சு. இப்பத்தான் உண்மையான படமா இருக்கு."

கூட்டம் கைதட்டியது. பத்திரிகைக்காரர்கள் காப்பாளரைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். இயக்குநரும் இடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான் சொல்லித்தான் துடைச்சார். இவர் வேலை இன்னியோட நிரந்தரம்!"

காப்பாளருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இனி மாமியார் முகத்தைத் தைரியமாகப் பார்க்கலாம்.

முதியவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "தம்பி, கையோட அந்த டிரைவரையும் துடைச்சிடுங்க. அவரையும் நான்தான் வரைஞ்சேன்."