முயல் 'ஆம்' அழுத்திய கதை

ஒரு காட்டில், சிங்கத்துக்கே கடவுச்சொல் மறந்துபோகும் அளவுக்கு நாகரிகம் முற்றிவிட்ட காலத்தில், ஆலமரப் பொந்தில் ஒரு பொதுக் கணினி இருந்தது. அதற்குள் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. யார் எந்த விசையைத் தட்டினாலும் அது முதலில் முள்ளம்பன்றியிடம்தான் போகும். அதுவும் மோந்து பார்த்து, "இது யாருக்கு?" என்று கேட்டு, உரிய செயலிக்கு மட்டும் கொடுக்கும். கணினி படித்தவர்கள் இந்த உத்தியோகத்துக்குக் கெர்னல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காட்டில் அதை வழிமறிச்சான் என்று திட்டினார்கள்.

பஞ்சவர்ணம் என்ற முயலுக்குத்தான் அதன்மேல் ஆத்திரம் அதிகம். நரி நடத்திய பழம் வெட்டும் ஆட்டத்தில் அவள் பைத்தியமாகக் கிடந்தாள். அவள் தட்டி, முள்ளம்பன்றி மோந்து முடிப்பதற்குள் பழம் தரையில் விழுந்துவிடும்.

நரி நல்ல பிள்ளைபோல ஒரு யோசனை சொன்னது. அவள் தட்டுவதைத் தானே நேராகக் கேட்டுக்கொண்டால் ஆட்டம் பறக்கும், ஒரு சம்மதம் போதும் என்றது.

"பழத்துக்குத் தட்டுறது மட்டும் தனியா போகாதும்மா. நேரா விட்டா, நீ எதைத் தட்டினாலும் நரிக்குக் கேக்கும்" என்றது முள்ளம்பன்றி.

நரியண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லி அவள் 'ஆம்' அழுத்தினாள். ஆட்டம் பறந்தது. பிறகு ஓநாயின் வானிலைச் செயலியும், கழுதைப்புலியின் பக்திப் பாடல் செயலியும், மலைப்பாம்பின் டார்ச் லைட்டும் அதே சம்மதத்தைக் கேட்டன. டார்ச் எரிய விசைப்பலகை எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. கை பழகிவிட்டது.

குட்டிகள் பிறந்ததும் அதே கணினியில் அக்காவுக்கு எழுதினாள்: 'கழுகுப் பாறைக்குப் பின்னாடி காரைப்புதர்ல இருக்கோம். யார்கிட்டயும் சொல்லிடாத.'

மறுநாள் மேய்ந்துவிட்டுத் திரும்பியவள் சட்டென்று ஒரு செடிக்குப் பின்னால் பதுங்கினாள். புதர் வாசலில் நரி நின்றது. நல்லவேளை, தனியாக இல்லை. அவள் தட்டிய கடிதத்தை, சம்மதம் வாங்கிய எல்லாருமே படித்திருந்தார்கள்.

ஓநாய், தான் விடியும்போதே கல்லைப் போட்டு வரிசையில் இடம் பிடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனதாகச் சொன்னது. அது தன் கல் என்றது கழுதைப்புலி. மலைப்பாம்பு எல்லாக் கற்களையும் சுற்றிப் படுத்துக்கொண்டது.

"நாம என்ன மனுஷங்களா, அடிச்சுக்கிறதுக்கு? முறைப்படி போவோம்" என்றது நரி.

எது யாருடையது என்று சொல்வதில் பழக்கமுள்ள ஒரே ஆளான முள்ளம்பன்றிக்கு ஆள் போயிற்று. அது ஆற அமர வந்தது. முதல் கல்லை எடுத்து மோந்து, "இது யாருக்கு?" என்றது. நான்கு பேரும் கத்தினார்கள். அது கல்லைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

பஞ்சவர்ணம் பின்பக்கமாகப் புகுந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடினாள். எந்த மந்தத்தைச் சபித்தாளோ அதற்கே மனதுக்குள் கோடிக் கும்பிடு போட்டாள். கடைசிக் குட்டியோடு அவள் நழுவியதை முள்ளம்பன்றி பார்த்துவிட்டது. பார்த்துவிட்டு, முதல் கல்லை இன்னொரு தரம் மோந்தது.

அடுத்த நாள் அக்காவுக்குப் புது விலாசம் எழுதக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். புலியின் ராசிபலன் செயலி சம்மதம் கேட்டது. இந்த முறை பஞ்சவர்ணம் நன்றாக யோசித்தாள். நரி மட்டும் வந்திருந்தால் குட்டிகள் மிஞ்சியிருக்காது. நான்கு பேர் வந்ததால்தானே பிழைத்தோம்?

புலிக்கு 'ஆம்' அழுத்தினாள். சிறுத்தைக்கும் அழுத்தினாள்.

நீதி: ரகசியத்தை ஒருவரிடம் மட்டும் சொல்லாதே, அவர் தின்றுவிடுவார். எல்லாரிடமும் சொல், வரிசைத் தகராறிலேயே பொழுது சாய்ந்துவிடும்.