காலால் கேட்ட படம்

அன்பு மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். வெளியூர்ப் பட விழாவில் நீங்களும் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் மன்னிப்பு. "இருட்டுல உக்கார வெச்சுட்டு அதைப் படம்னு சொல்ற ஆளுக்கா பொண்ணைக் கொடுத்தோம்?" என்று நான் ஊரெல்லாம் புலம்பியது உங்களுக்கும் எட்டியிருக்கும். நேற்று அந்த வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் அனுப்பிய சீட்டோடு இருவரும் இங்கே ஓடும் உங்கள் படத்துக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். இது வெறுங்காலைத் தரையில் வைத்து உடம்பால் உணர்கிற படம் என்று ஒரு பெண் அத்தையிடம் சொல்ல, அத்தை என்னிடம் மூன்று தடவை கத்திச் சொல்ல, ஒருவழியாக உட்கார்ந்தோம். விளக்கை அணைத்தார்கள். கும்மிருட்டு. சரி, தூங்கலாம் என்று கண்ணை மூடினேன் பாருங்கள், உள்ளங்காலில் ஒரு அதிர்வு! அடடா, மோட்டார்! நாற்பது வருஷம் தண்ணீர் பம்பு நிலையத்தில் மாரடித்தவனுக்குத் தெரியாதா? பேரிங் தேய்ந்துவிட்டது, விட்டால் புகைந்துவிடும். படம் என்பதே மறந்துபோய், "பேரிங் போச்சு, நிறுத்துங்கப்பா!" என்று கத்திக்கொண்டு, நாலு பேர் காலை மிதித்து, பின்னால் போய் சுவிட்சை இறக்கிவிட்டேன். விளக்கைப் போட்டார்கள். நியாயமாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். மொத்தக் கூட்டமும் கைதட்டுகிறது!

எனக்கு அந்தக் கைதட்டல் கேட்கவில்லை, மாப்பிள்ளை. பார்த்தேன், அவ்வளவுதான். காது போய் ஆறு வருஷமாச்சு. "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீதான் முணுமுணுக்கறே" என்று அத்தையோடு சண்டை போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். பேத்தி போனில் பேசினால் 'ம், ம்' என்று சிரித்து வைப்பேன், ஒரு வார்த்தை புரியாது. காலுக்குக் கேட்டது காதுக்குக் கேட்கவில்லையே என்று அங்கேயே அழுதுவிட்டேன். இதற்குமேல் நெஞ்சு தாங்காது என்று அத்தையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கே காது டாக்டரிடம் போகிறேன். மாமனாரின் தொழிலையே படமாக்கி, மாமனாருக்கே புத்தி சொன்ன மாப்பிள்ளை யாருக்கு வாய்க்கும்?

உங்கள் படங்கள் இன்னும் இருட்டாகட்டும். வீட்டில் வெளிச்சம் குறையாதிருக்கட்டும்.

நன்றி மறவாத,
மாமா

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், பிரிச்சுப் படிச்சுட்டேன். உங்க படம் ஆரம்பிக்கவே இல்லை. கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்னு விளக்கை அணைச்சிருந்தாங்க. இவர் நிறுத்தினது அரங்கத்து ஏசி மோட்டாரை. அது போட்ட கடகட சத்தம் ஒழிஞ்சுதேன்னுதான் அத்தனை கைதட்டலும். உங்க படத்துல மோட்டாரே கிடையாதாமே, மக சொன்னா. தயவுசெஞ்சு மூச்சு விட்டுடாதீங்க. ஆறு வருஷமா நான் கெஞ்சி நடக்காத காரியம். அவர் கேட்டா, "ஆமா மாமா, உங்களை நினைச்சுத்தான் எடுத்தேன்"னு சொல்லிடுங்க. கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க.