அக்கா, நீயும் வந்துவிடு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, அணைக் குடியிருப்பு நூற்றுப் பதினான்காம் எண் வீட்டிலிருந்து உன் தம்பி எழுதுவது. நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் ஊரைக் காலிசெய்யும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து ஏழு மாதமாகிறது. நீ என்னோடு பேசாததும் அதே ஏழு மாதம். மறியலில் நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்த படத்தைப் பேப்பரில் பார்த்தேன். இளைத்துவிட்டாய். இந்த மாதக் கடைசியில் மதகை மூடப்போகிறார்களாம். அணை நல்லதா கெட்டதா என்று கோர்ட்டில் பேசிக்கொண்டே இருக்கட்டும். தண்ணீர் தீர்ப்புக்குக் காத்திருக்காது. அதனால் சொல்கிறேன், நீயும் வந்துவிடு.

இங்கே குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இருநூறு வீடும் ஒரே அச்சு, ஒரே மஞ்சள், ஒரே நீலக் கதவு. வந்த முதல் வாரம் கடைக்குப் போய்த் திரும்பியவன், சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வெல்டர் வந்து நின்றார். "யாருங்க நீங்க?" என்றார். "நீங்க யாருங்க?" என்றேன். "என் வீட்ல படுத்துக்கிட்டு என்னையே யாருன்னு கேக்குறீங்களே!" என்று அவர் கத்த, பத்திரத்தைக் காட்டுகிறேன் பார் என்று பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்க ஸ்பேனரும் சுத்தியலும். கடைசியில் அந்த மனுஷரே கையைப் பிடித்து அழைத்துவந்து என் வீட்டில் விட்டார். வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்ததில் நம் பழைய தெருக்காரர் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை, ஆனால் சுற்றுவட்டாரத் தையல்காரர்கள் நாலு பேரும் ஒரே தெருவுக்கு வந்துவிட்டோம், வாசலில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஒருவர் கிழிசலை ஒருவர் தைக்கிறோம். முடிவெட்டுகிறவர் எந்தப் பக்கம் விழுந்தாரோ, தெரு முழுக்கத் தாடி. அணைத் தண்ணீருக்காக ஊரை விட்டவர்களுக்குக் குடிதண்ணீர் வாரத்துக்கு இரண்டு முறை லாரியில் வருகிறது.

நீ ஏன் நகரமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவை அங்கே விட்டுவிட்டு வரமாட்டாய். படிவத்தில் 'இடம் மாற்ற வேண்டிய கல்லறைகள்' என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். இடமாற்றம் முடிந்தது, புது இடுகாட்டில் மனை எண் அறுபத்தொன்று என்று போன மாதம் சீட்டு வந்தது. பூ வாங்கிக்கொண்டு போனேன். அங்கே எண் எழுதிய கம்பி மட்டும் நிற்கிறது. மண்ணில் மண்வெட்டியே படவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். குமாஸ்தா நல்ல மனிதர், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல வந்துட்டாங்களே சார்" என்றார்.

"அம்மா வரலைங்க."

"வந்துட்டாங்க சார். இங்க பாருங்க, சீல் போட்டிருக்கு."

பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். அழுதுகொண்டே வந்ததில் மறுபடியும் வெல்டர் வீட்டுக்குள் போய்விட்டேன். இந்தமுறை அவரே பாயை விரித்துப் போட்டார்.

மற்றபடி காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. யோசிக்காமல் கிளம்பி வா. உன் ஆயுசும் உடம்பில் தெம்பும் குறையாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உன் கோபத்துக்குரிய தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை உன் தம்பி பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதைப் படிச்சா யாருங்க வருவா? இருக்கிற நாமளே ஓடிடுவோம்" என்றாள். பிறகு எழுந்து, பையில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஆகவே நீ வர வேண்டாம். நாங்கள் வியாழக்கிழமை அங்கே வருகிறோம், உன் பக்கத்தில் உட்கார. தண்ணீர் வாசலுக்கு வந்தால் மூன்று பேரும் சேர்ந்தே கிளம்பலாம். பஸ் இப்போது பாலம் வரைதானாம், மிச்சத்தை நடந்துவிடுவோம். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. திருப்பி மட்டும் அனுப்பிவிடாதே.