வயிற்று வளி காரணமாக ஒரு நாள் விடுப்பு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிங்கத்தைச் சொல்லாமல் காட்டுக் கதையை ஆரம்பித்தால் அது மனம் வருத்தப்படும் என்பதால் சொல்லி வைத்தேன். நம் கதை அதே காட்டில், ஓடைக்கரை வளை ஒன்றில் குடியிருந்த இசக்கியம்மாள் என்ற முள்ளம்பன்றியையும் அவள் மகள் பேச்சியையும் பற்றியது.

பேச்சியை முதலில் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார்கள். அங்கே ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர். பேச்சியை நடுவில் உட்கார வைத்தார்கள். முதல் மணி அடிப்பதற்குள் இரண்டு முயல்களையும் ஒரு அணிலையும் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. "பிள்ளை தங்கமான பிள்ளைதான், முதுகுதான் சரியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் வீட்டிலேயே படிப்பு. அம்மாதான் ஆசிரியை. வளையின் முன்பக்கம் வகுப்பு, பின்பக்கம் வீடு.

பேச்சி பேருக்கு ஏற்ற பிள்ளை. ஓடைத் தண்ணீர் ஏன் சுழிக்கிறது, பருந்து ஏன் இறக்கையை ஆட்டாமல் மிதக்கிறது, எதைக் கேட்டாலும் சொல்வாள். புத்தகத்தைக் கொடுத்தால் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். எழுதச் சொன்னால் மட்டும் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். அந்தக் காட்டில் எல்லாரும் எழுதுவது முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளால்தான். முதுகு நிறையப் பேனா வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எழுத மாட்டேன் என்கிறதே என்று இசக்கியம்மாளுக்கு அழுகையாக வந்தது.

இந்த நேரத்தில் கல்வி அலுவலரிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அலுவலர் ஓர் உடும்பு. பிடித்ததை விடமாட்டார் என்பதற்காகவே அந்த வேலையில் வைத்திருந்தார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை ஒரு மாதத்துக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சொந்தக் கையெழுத்தில் நிரப்பிக் காட்ட வேண்டும், தவறினால் ஓநாயாரின் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்படும் என்று அதில் இருந்தது.

ஓநாயாரின் விடுதிப் பள்ளி பேர் வாங்கிய பள்ளி. போன வருடம் சேர்ந்த நாற்பது முயல்களில் முப்பத்தொன்று தேர்ச்சி. மீதி ஒன்பதுக்கும் டி.சி. கொடுத்தாகிவிட்டது என்று ஓநாயார் சொன்னார். அந்த டி.சி.யை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இசக்கியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாள்.

"பசு அத்தையைத்தான் நமக்குத் தெரியும்லா. பெறகு எதுக்கு எழுதணும்?" என்றாள் பேச்சி.

"எழுதினாத்தான் படிச்சதுன்னு அர்த்தம்."

"வாயால சொல்லிட்டேன்லா. சொன்னதையே திருப்பி எழுதினா ரெண்டு வேலை."

இப்படியே மூன்று நாள் போயிற்று. நோட்டில் பேச்சியின் பெயர்கூட ஏறவில்லை. நான்காம் நாள் காலையில் பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எம்மா, வயிறு வலிக்கு. இன்னைக்குப் பாடம் வேண்டாம்."

இசக்கியம்மாளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏட்டி, இது பள்ளிக்கூடம். லீவை வாயால கேக்கக் கூடாது. அனுப்புநர், பெறுநர் போட்டு, பெத்தவங்க கையெழுத்து வாங்கி, எழுதிக் குடுக்கணும்" என்றாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் பேச்சி நோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நீட்டினாள்.

அனுப்புநர்: இ. பேச்சி, வளையின் பின்பக்கம்.
பெறுநர்: வகுப்பு ஆசிரியை அவர்கள், வளையின் முன்பக்கம்.
அம்மா,
எனக்கு வயிற்று வளி இருப்பதால் இன்று ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

'அம்மா' என்று இருந்ததே, அது ஆசிரியைக்கு எழுதியதா, தன்னைக் கூப்பிட்டதா என்று இசக்கியம்மாளுக்குப் புரியவில்லை. இரண்டு காரணத்துக்கும் சேர்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்பக்கம் போய்ப் பெற்றோராகக் கையெழுத்துப் போட்டாள். முன்பக்கம் வந்து ஆசிரியையாக வாங்கிப் படித்தாள். 'வளி' என்றால் காற்று, 'வலி' என்று இருக்க வேண்டும் என்று திருத்தினாள். விசாரித்ததில் காற்றும் இருந்தது. லீவு கொடுத்தாள்.

மறுநாளும் ஒரு கடிதம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இசக்கியம்மாள் விவரமானவள். "காரணம் போதவில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். பேச்சி விடவில்லை, காரணத்தை வளர்த்தாள். நாலு வரி ஒரு பக்கமாயிற்று. ஒரு பக்கம் இரண்டாயிற்று. மூன்றாவது வாரம் பெரியப்பா காலமாகிவிட்டதாக இரண்டரைப் பக்கம் எழுதினாள். பெரியப்பா அப்போது வளை வாசலில் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தார். அவரே வாங்கிப் படித்தார். தன்னுடைய நல்ல குணங்களைப் படித்ததும் கிழங்கைக் கீழே வைத்துவிட்டார். "இதுல எனக்கு ஒரு காப்பி எழுதிக் குடு தாயி, உன் பெரியம்மைகிட்ட காட்டணும்" என்றார்.

மாதம் முடிந்தது. உடும்பு வந்தார். நாற்பது பக்கமும் நிரம்பியிருந்த நோட்டைக் காலையில் எடுத்தவர் மத்தியானம்தான் கீழே வைத்தார்.

"எழுத்து அருமை. ஒரு பிழை இல்லை, அந்த வளியைத் தவிர. பாஸ்."

இசக்கியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆனா படிவத்துல அடுத்த கட்டத்துல வருகைப் பதிவு இருக்கே" என்றார் உடும்பு. "இருபத்தாறு வேலை நாள்ல பிள்ளை வந்தது மூணு நாள். வந்த மூணு நாளும் ஒரு எழுத்து எழுதலை. வராத நாள்லதான் இவ்வளவும் எழுதியிருக்கு. முக்கால்வாசி நாளாவது வந்திருக்கணும். விதிப்படி விடுதிப் பள்ளியிலதான் சேக்கணும்."

"ஐயா, லீவு குடுத்தது நான்தானே."

"தெரியுது. ரெண்டு இடத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. கவலைப்படாதீங்கம்மா, அங்க எப்பவும் இடம் காலியா இருக்கும்."

தன் கையாலேயே பிள்ளையை அனுப்பிவிட்டோமே என்று இசக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். உடும்பு அங்கேயே சேர்க்கைப் படிவத்தை நிரப்பி முத்திரை குத்தினார்.

பேச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?"

"ஆமா."

"அப்ப லீவு கேக்கலாம்லா?"

உடும்பு விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கேட்கலாம் என்றுதான் இருந்தது.

பேச்சி நோட்டின் பின்னட்டையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெறுநர்: தலைமை ஆசிரியர் ஓநாயார் அவர்கள்.
ஐயா,
நான் ஒரு முள்ளம்பன்றி. என் முதுகில் சுமார் மூவாயிரம் முட்கள் உள்ளன. தங்கள் தொண்டையின் நலன் கருதி, எனக்குப் படிப்பு முடியும் வரை பன்னிரண்டு ஆண்டுகள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இசக்கியம்மாள் பெற்றோர் கையொப்பம் இட்டாள். உடும்பு 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதித் தானே கொண்டுபோனார். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. 'அனுமதிக்கப்படுகிறது. தேவைப்பட்டால் நீட்டித்துக்கொள்ளவும்.'

அன்றைக்கு இசக்கியம்மாள் மகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். முள் குத்தியது, பரவாயில்லை என்று இருந்துவிட்டாள்.

விஷயம் காடு முழுக்கப் பரவியது. அந்த வருடம் விடுதியில் சேர வேண்டிய முயல்கள் வளை வாசலில் வரிசையில் வந்து நின்றன. பேச்சி சலிக்காமல் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தாள். கெஞ்சி எழுதினாள், சட்டம் பேசி எழுதினாள், படித்த உடும்பே அழும்படியும் எழுதினாள். பெரியப்பா கடிதத்தைவிட நன்றாக வந்திருந்தன.

எல்லாக் கடிதங்களும் ஒரே பதிலோடு திரும்பி வந்தன. 'காரணம் போதவில்லை.'

நீதி: லீவு லெட்டரை யார் வேண்டுமானாலும் அழகாக எழுதலாம். காரணம் முதுகில் இருக்க வேண்டும்.